சங்கு குளிப்பவரின் செவியும் படுக்கையில் வரும் தலைச்சுற்றும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

முத்து என்றால் தூத்துக்குடி, தூத்துக்குடி என்றால் முத்து என்று பள்ளி நாள் தொட்டே படித்து வருகிறோம். கொற்கை முத்தின் பெருமையைச் சங்க நூல்கள் பேசுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதி வைத்தார். சுறா தீண்டாதிருக்க மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' என்பவருக்கும் முத்துச் சலாபத்தில் பங்கு உண்டு என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சுறாவின் வாயைக் கட்ட ஓர் ஆள் இருந்தார். குளிப்பவரின் காதைக் கவனிக்க ஆள் இல்லை. இக்கட்டுரை அந்தக் காதைப் பற்றியது.

இதனை எழுதத் தூண்டியவர் என் தாய்மாமன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாத்தா 1961ஆம் ஆண்டுச் சலாபத்தில் குளித்தவர். தூத்துக்குடிக் கரையில் நடந்த கடைசிச் சலாபம் அதுவே. பிறகு பார்களில் போதிய சிப்பி இல்லாமற் போகவே முத்துக்குளிப்பு நின்றது. 1973இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கரு வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பி போனாலும் சங்கு இருந்தது. ஆகவே மாமா சங்கு குளித்தார்.

முதலில் மூச்சடக்கிக் குளித்தவர், பிற்காலத்தில் படகில் காற்றழுத்தும் எந்திரத்தை வைத்து, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கும் முறைக்கு மாறினார். நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தடுமம் பிடித்திருந்த ஒரு நாளில், அன்றைய கூலி போய்விடுமே என்று இறங்கியிருக்கிறார். பாதி ஆழத்திலேயே இடது காது அடைத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதினார். காதுக்குள் 'டப்' என்று ஓர் ஓசை. அடுத்த கணம் கடலே சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று புலப்படவில்லை. "குழாயப் பிடிச்சிக்கிட்டே ஏறினேன் மருமவனே. அது மேலதான போகும்" என்பார். இரண்டு நாள் வாந்தி நிற்கவில்லை. இடது காதின் கேட்கும் திறன் பெரும்பகுதி போயிற்று. இரைச்சல் மட்டும் நிலையாகத் தங்கிவிட்டது. இருட்டில் நடந்தால் இடப்பக்கம் சாய்வார். என்றாலும் சில மாதங்களில் மறுபடி கடலுக்குள் இறங்கிவிட்டார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

ஐந்தாண்டுகளுக்கு முன் புதிதாக ஒன்று சேர்ந்தது. விடியற்காலையில் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் வீடு சுழலும். அரை நிமிடத்தில் நின்றுவிடும். எழுந்து உட்கார்ந்தால் மீண்டும் ஒரு சுழற்சி. அண்ணாந்து கொடியில் துணி போட்டாலும் வரும். இதற்கு அஞ்சி மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கப் பழகினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் படுத்து உறங்கவில்லை. காலையில் தள்ளாடியபடி தெருவில் இறங்குபவரைக் கண்டு, விடியும் முன்பே குடித்துவிட்டார் என்று பேசினார்கள். வாழ்நாளில் அவர் குடித்ததில்லை. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் காதிலும் அந்தப் பேச்சு விழுந்தது.

பல இடங்களில் காட்டினோம். பழைய காது நோய்தான், ஆயுளுக்கும் இருக்கும் என்ற ஒரே விடையும் ஒரே மாத்திரையும் கிடைத்தன. பழைய நோய் என்பது உண்மை. ஆனால் படுக்கையில் வந்த சுழற்சி பழைய நோயன்று. அதன்மேல் வந்து அமர்ந்த வேறொன்று. இந்த வேறுபாட்டை விளக்குவதே என் நோக்கம்.

ஆழமும் அழுத்தமும்

கடல்மட்டத்தில் நம் உடலின்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. கடல்நீரில் பத்து மீட்டர் இறங்கினால் அது இரண்டாகும். இருபது மீட்டரில் மூன்றாகும். பாயில் விதிப்படி அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கனஅளவு பாதியாகும். அடுத்த பாதியாக்கத்துக்கு முப்பது மீட்டர் வரை போகவேண்டும். எனவே காதுக்கு இடர் மிகுந்த இடம் அடியாழம் அன்று. முதல் பத்து மீட்டரே. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள பார்கள் பெரும்பாலும் பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. குளிப்பவர் ஒரு நாளில் எத்தனை முறை இறங்குகிறாரோ அத்தனை முறையும் அந்த முதல் பத்து மீட்டரைக் கடந்தாக வேண்டும்.

செவிப்பறைக்குப் பின்னுள்ள நடுச்செவி, காற்று நிறைந்த ஓர் அறை. அதற்கு வாசல் ஒன்றுதான். மூக்கின் பின்புறம் திறக்கும் யூஸ்டேஷியன் குழல். எச்சில் விழுங்கினால் திறக்கும். தடுமம் பிடித்தால் வீங்கி மூடிக்கொள்ளும். மூடிய குழலோடு இறங்குபவரின் செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. அந்நிலையில் முக்கி ஊதினால் தலைக்குள் அழுத்தம் ஏறி, அது உட்செவியின் நீரையும் உள்ளிருந்து தள்ளும். உட்செவிக்கும் நடுச்செவிக்கும் இடையே வட்டச் சாளரம் எனும் சவ்வு உள்ளது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது கிழியலாம், உட்செவி நீர் கசியலாம். மாமா கேட்ட 'டப்' ஓசைக்குப் பொருள் இதுவாகத்தான் இருக்கவேண்டும். காதடைத்தால் ஊதாதே, ஒரு பாகம் மேலே ஏறு என்று அன்றைக்கு யாரேனும் சொல்லியிருந்தால் போதும்.

குழாய்க் காற்றில் குளிப்பவருக்கு இன்னோர் இடரும் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் சுவாசித்த நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து நிற்கும். விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் புட்டிபோல் குமிழியாக வெளிப்படும். அக்குமிழி உட்செவியையும் தாக்கவல்லது. இதற்கு மருந்து மாத்திரை அல்ல. அழுத்த அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சை.

செவிப்பறையில் ஓட்டை விழுந்தவரின் நிலை தனி. இங்கே ராபர்ட் பாரனியைச் சொல்லவேண்டும். வியன்னாவில் காது மருத்துவராயிருந்த அவர், நோயாளிகளின் காதை நீரால் கழுவும்போது தலைச்சுற்று வருவதைக் கண்டார். நீர் குளிர்ந்திருக்கிறது என்று ஒருவர் குறைசொல்ல, வெந்நீர் விட்டார். தலைச்சுற்று அப்போதும் வந்தது, ஆனால் விழி துடிக்கும் திசை மாறியது! ஒரு பக்கக் குளிர்ச்சியோ வெப்பமோ உட்செவி நீரை ஓடச் செய்கிறது என்று அதிலிருந்து அறிந்தார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ருஷ்யாவில் போர்க்கைதி. 1942இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹால்பைக்கும் இச்சோதனையை ஒழுங்குபடுத்தினார்கள்: உடல் வெப்பத்தினும் ஏழு டிகிரி குறைந்த 30 டிகிரி நீர், ஏழு டிகிரி கூடிய 44 டிகிரி நீர். இனி நம் கடலைப் பாருங்கள். மன்னார் வளைகுடா நீரை நாம் வெதுவெதுப்பானது என்கிறோம். அதன் வெப்பமும் ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஒரு காதில் மட்டும் ஓட்டையுள்ளவர் கடலில் குதித்தால், கடலே அவருக்கு அந்தச் சோதனையைச் செய்துவிடுகிறது. கால் தரையில் இல்லை, கலங்கிய நீரில் கண்ணும் தெரியாது. எஞ்சியுள்ள ஒரே சாட்சியான காதும் பொய் சொன்னால் அவர் எதை நம்புவார்?

தலைக்குள் சுண்ணாம்பு

கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கத்தாளை மீன் தெரியும். தலையை உடைத்தால் இரண்டு வெண்கற்கள் கிடைக்கும். சிறுவயதில் அவற்றைச் சேர்த்து வைத்து விளையாடியிருக்கிறேன். அவை செவிக்கற்கள் என்பதையும், அவற்றிலுள்ள வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள் என்பதையும் நம் விலங்கியல் வகுப்பில்தான் அறிந்தேன். அன்று மாலை அம்மாவிடம் சொன்னபோது, "கல்லுக்கும் காதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டு மீன் விற்றவள் கேட்ட அந்தக் கேள்வி மிகச் சரியான கேள்வி.

விடையை ஓர் இறாலிடமிருந்து பெற்றவர் அலோயிஸ் கிரைடல். இறாலின் தலையில் நிலையறியும் சிறு குழி உண்டு. அதில் மணல் துகள் கிடக்கும். ஓடு கழற்றும்போது பழைய மணலும் போய்விடும். இறால் புதுமணலை இட்டுக்கொள்ளும். 1893இல் கிரைடல் மணலுக்குப் பதிலாக இரும்புத் துகளைத் தொட்டியில் போட்டார். இறால் அதையே இட்டுக்கொண்டது. பிறகு காந்தத்தை மேலே காட்டினார். இறால் தலைகீழாகப் புரண்டது. துகள் எப்பக்கம் அழுத்துகிறதோ அப்பக்கமே கீழ் என்று அந்த உயிர் நம்புகிறது என்பது தெளிவாயிற்று.

நமக்கும் அப்படியே. உட்செவியில் யூட்ரிக்கிள், சாக்யூல் என்னும் இரு பைகள் உள்ளன. அவற்றின் உணர்திட்டில் கூழ்போன்ற படலமும், அதன்மேல் ஆயிரக்கணக்கான நுண்படிகங்களும் உள்ளன. ஒவ்வொன்றும் சற்றேறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பொருள் கால்சியம் கார்பனேட்டு. முத்தும் சங்கும் பெரும்பாலும் இதனாலேயே ஆனவை. கடலடியில் மாமா தேடிப்போன பொருள் அவர் தலைக்குள்ளும் இருந்திருக்கிறது!

இப்பைகளை ஒட்டி மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. அவை தலையின் சுழற்சியை அறிபவை. குழலுக்குள் நீர், ஓரிடத்தில் மெல்லிய தடுப்பு ஒன்று. தலை திரும்பினால் நீர் பின்தங்கித் தடுப்பைத் தள்ளும். மூளைக்குச் செய்தி போகும். தடுப்பின் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் ஒன்றாதலால் புவியீர்ப்பு அதைச் சாய்ப்பதில்லை. படிகங்கள் பையில் இருக்கும்வரை குறையில்லை. அவற்றுள் சில கழன்று குழலுக்குள் விழுந்தால்தான் தொல்லை.

பதநீர்க் கலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. கலயம் அசையாதிருந்தால் தெளிந்த பதநீர். சாய்த்தால் சுண்ணாம்பு நகர்ந்து புதிய அடியில் படியும். குழலுக்குள் படிகம் அப்படி நகரும்போது நீரையும் இழுத்துச் செல்லும்; தடுப்பு வளையும்; தலை நின்ற பின்னும் சுற்றுகிறது என்ற பொய்ச்செய்தி மூளைக்குப் போகும். படிகம் படிந்தவுடன் சுழற்சி நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் நிற்பதன் காரணம் இதுவே. பின்புறக் குழல் தாழ்வாக இருப்பதால் பெரும்பாலும் அதில்தான் படிகம் விழுகிறது.

இந்நிலைசார் தலைச்சுற்றை 1921இல் விவரித்தவரும் பாரனியே. 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் இதைக் கண்டறியும் சோதனையை வகுத்தனர். 1969இல் ஷுக்னெக்ட், குழலின் தடுப்பில் ஒட்டிய துகளே காரணம் என்றார். துகள் ஒட்டியிராமல் மிதந்தும் திரியும் என்பது பின்னர் தெரியவந்தது. மிதப்பதென்றால் வந்த வழியே வெளியேற்றலாமே என்று எண்ணியவர் அமெரிக்காவின் ஜான் எப்லி. 1980 அளவில் அவர் தம் முறையைக் காட்டியபோது, தலையைத் திருப்பி நோய் தீர்ப்பதா என்று சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1992இல்தான் அது முறையான கட்டுரையாக வெளிவந்தது. இன்று உலகெங்கும் செய்யப்படுகிறது. கருவி வேண்டியதில்லை, ஒரு கட்டில் போதும்.

பழைய நோயின் நிழலில்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். படிகம் கழலுதல் முதுமையில் வெளிப்படையான காரணமின்றியும் வரும். ஆனால் முன்பே உட்செவி நோயுற்றவரிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. மெனியர் நோய், உட்செவி நரம்பின் அழற்சி, தலைக்காயம், காது அடிபடுதல் ஆகியவற்றின் பின் இது வரலாம். படிகங்களைத் தாங்கும் திட்டு சேதமுற்றால் படிகம் கழல்வது எளிது.

இத்தகையோரிடம் இருவகைத் தலைச்சுற்று ஒரே உடலில் குடியிருக்கிறது. பாரிஸ் நகர மருத்துவர் மெனியர் 1861இல் எடுத்துக்காட்டிய நோயை எடுத்துக்கொண்டால், அதன் சுழற்சி 20 நிமிடம் முதல் பல மணி நேரம் நீடிக்கும். காது அடைக்கும், இரையும், கேட்பது ஏறி இறங்கும். தலையைத் திருப்பாமல் சும்மா இருக்கும்போதும் வரும். படிகத்தால் வருவதோ விநாடிக் கணக்கு. புரண்டால், அண்ணாந்தால், குனிந்தால் மட்டும் வருவது. கேட்கும் திறனைத் தொடாதது. இரண்டையும் பிரிக்கக் கேட்கவேண்டியவை இரண்டே கேள்விகள்: எவ்வளவு நேரம் சுற்றுகிறது? எந்த அசைவில் வருகிறது? மாமாவிடம் இவ்விரண்டையும் நெடுநாள் யாரும் கேட்கவில்லை. காது நோய் என்ற பழைய சீட்டு கையில் இருந்ததே அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். நோயாளியும் சொல்வதில்லை. "தல சுத்துது" என்ற இரண்டு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்.

சென்ற ஆண்டு உட்செவிப் பாடம் நடந்த வாரம், பேராசிரியரிடம் மாமாவின் கதையைச் சொன்னேன். ஓர் அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போகும்படி கூறினார். மாமா வர மறுத்தார். சுவரில் சாய்ந்து தூங்குவதை நான் கட்டுரையாக எழுதிவிடுவேன் என்று மிரட்டித்தான் அழைத்துச் சென்றேன். (எழுதியும் விட்டேன், அவர் அனுமதியோடு.)

மருத்துவர் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை இடப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டெனப் பின்னால் சாய்த்துத் தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்குமாறு பிடித்தார். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு மாமாவின் விழிகள் மேல்நோக்கியும் தரைப்பக்கக் காதை நோக்கிச் சுழன்றும் துடிக்கத் தொடங்கின. மாமா கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு அலறினார். அரை நிமிடத்தில் துடிப்பு அடங்கியது. பாடநூலில் படித்த ஒன்றை என் சொந்த மாமனின் கண்ணில் கண்ட அந்த அரை நிமிடத்தை நான் மறக்கமாட்டேன்.

பிறகு தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினார், காத்திருந்தார். உடலையும் வலப்பக்கம் புரட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி செய்தார், மறுபடி காத்திருந்தார். அப்படியே எழுப்பி உட்கார வைத்தார். படிகம் குழலைச் சுற்றிவந்து பைக்குள் விழ வேண்டும் என்பதே கருத்து. எல்லாம் ஐந்தாறு நிமிடம். மற்றவருக்கு ஒன்றிரண்டு தடவையில் தீர்ந்துவிடுவதுண்டு. நோயுற்ற காதில் பலமுறை செய்ய நேரலாம், திரும்பவும் வரலாம் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். மாமாவுக்கு மூன்று வாரம், மூன்று தடவை ஆயிற்று.

இதைப் படிப்பவர் வீட்டில் தாமே செய்து பார்க்கத் துணிய வேண்டாம். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவருக்குத் தலையைத் தொங்கவிடுதல் ஆகாது. காதில் நாட்பட்ட சீழ் உள்ளவருக்குச் சீழ்நோய் எலும்பை அரித்து அரைவட்டக் குழல்வரை போயிருக்கலாம். அதுவும் தலைச்சுற்றாகவே தெரியும், ஆனால் அதற்கு வேண்டியது அறுவைச் சிகிச்சை. தலைச்சுற்றோடு பேச்சு குழறினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் வலுவிழந்தாலோ அது மூளையின் இரத்தக்குழாய் பற்றியது. ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. திடீரெனக் காது கேளாமற் போனாலும் அவ்வாறே.

மாத்திரையைப் பற்றி ஒரு சொல். தலைச்சுற்றை மட்டுப்படுத்தும் மாத்திரை படிகத்தை நகர்த்தாது. மெனியர் நோயின் கடும் தாக்குதலில் அதற்கு இடமுண்டு. ஆனால் நெடுங்காலம் உண்டால், இழந்த காதுக்கு ஈடாகக் கண்ணையும் காலையும் கொண்டு சமாளிக்க மூளை பழகுவதை அது தாமதப்படுத்தக்கூடும். மாமாவுக்கு மாத்திரையை நிறுத்தி, தலையை அசைத்துக்கொண்டே ஒரு புள்ளியைப் பார்த்தல், சுவரோரம் ஒற்றைக்கோட்டில் நடத்தல் போன்ற பயிற்சிகளைக் கொடுத்தார்கள். முற்றத்தில் அவர் நடக்கும்போது தெருப்பிள்ளைகள் சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

சுழற்சி நின்ற அன்று மாமா மருத்துவரிடம் கேட்டது ஒன்றுதான்: "இனி இறங்கலாமா அய்யா?" கூடாது என்றார் மருத்துவர். ஒரு காதின் சமநிலை முன்பே போய்விட்டது. மறுபடி படிகம் கழன்றால் நீருக்கடியில் அந்த அரை நிமிடம் போதும். மாமா வாதாடவில்லை. திரும்பும் பேருந்தில் துறைமுகச் சாலை வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது கரையில் வலை சீராக்குகிறார். கூலி முன்பு வந்ததில் பாதிகூட இல்லை.

கடந்த ஆடி மாதம் சுழற்சி மீண்டும் வந்தது. இம்முறை அவர் சுவரில் சாயவில்லை, மாத்திரைக் கடைக்கும் போகவில்லை. விடுதிக்குத் தொலைபேசியில் என்னை அழைத்து, "எடப்பக்கம் திரும்புனா வருது, நாப்பது எண்ணுறதுக்குள்ள நிக்குது. எப்பப் போவோம்?" என்று கேட்டார். மறுநாள் போனோம். ஒரே தடவையில் சரியாயிற்று.